சைக்கோசிஸ்: வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிப்பது, என்ன செய்வது

எது நிஜம், எது தன் மனதில் எழுவது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலைக்கு சைக்கோசிஸ் என்று பெயர். அறையில் யாரும் இல்லாதபோது ஒருவருக்குக் குரல் கேட்கும். யாரும் பின்தொடராதபோது, தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்புவார். சிலருக்குச் சிந்தனையே கோர்வை இழந்துவிடும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் தொடர்பு இருக்காது. இவற்றில் ஒன்று மட்டும் இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் வரலாம்.

இது தனி ஒரு நோயின் பெயர் இல்லை. ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயில் இது வரும். மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயிலும், மிகக் கடுமையான மனச்சோர்விலும் வரும். பிரசவத்துக்குப் பிறகு வரலாம். போதைப்பொருளால் வரலாம். தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளை அழற்சி போன்ற உடல் காரணங்களாலும் வரலாம். வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நிலைக்குப் போகிறவர்கள் 100 பேரில் சுமார் 3 பேர். பெரும்பாலும் பதின்வயதின் பின்பாதியிலிருந்து 30 வயதுக்குள் முதல்முறை தலைகாட்டும்.

டாக்டர் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே இதைப் பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். பார்க்கிறார்கள், ஆனால் பிடிபடுவதில்லை. தெருவில் இறங்கிக் கத்துவார், சட்டையைக் கிழித்துக்கொள்வார் என்று சினிமாவில் பார்த்ததையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் ஆரம்பம் அவ்வளவு சத்தமாக இருப்பதில்லை. ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக அவராக இல்லாமல் போவதுதான் ஆரம்பம்.

உள்ளே என்ன நடக்கிறது

கதவு சாத்தும் சத்தம், பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்ப்பது, டிவியில் ஓடும் விளம்பரம் என்று நம் மூளைக்கு ஓயாமல் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானவற்றை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ‘இது முக்கியம், கவனி’ என்று சிலவற்றை மட்டும் குறித்துக்காட்டும். பாடப்புத்தகத்தில் முக்கியமான வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவோமே, அந்த வேலைதான். டோபமைன் என்ற ரசாயனத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சைக்கோசிஸில் இந்தக் கோடு கண்ட இடத்திலெல்லாம் விழ ஆரம்பிக்கிறது என்று மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-ல் விளக்கினார். இப்போது பரவலாகப் பேசப்படும் விளக்கம் இது.

எல்லாமே முக்கியமாகத் தெரிகிற ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் இருமியது ஏதோ ஜாடை. வாசலில் நின்ற சிவப்பு கார் ஏதோ தகவல். என்னமோ நடக்கப்போகிறது என்ற பதற்றம் நாட்கணக்கில் நீடிக்கும். பிறகு ஒருநாள் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கிடைத்துவிடும்: ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்.’ பயங்கரமான விளக்கம்தான். ஆனால் குழப்பம் தீர்ந்துவிட்டதில் அவருக்கு ஒருவித நிம்மதியும் இருக்கும். அந்த விளக்கத்தைத்தான் நாம் வெளியிலிருந்து பார்த்து ‘பிரமை’ என்கிறோம். நாம் எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அவர் அதை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். பிரமையின் கதை அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப மாறும் என்பது ஒரு துணைச் செய்தி. ரேடியோ வந்தபோது ரேடியோ அலைகள் மூளைக்குள் புகுந்தன. இப்போது போனும் கேமராவும் அந்த வேலையைச் செய்கின்றன.

குரல் விஷயத்திலும் இப்படித்தான். குரல் கேட்கும் நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், பேச்சோடும் கேட்பதோடும் தொடர்புள்ள பகுதிகள் இயங்குவது தெரிந்திருக்கிறது. அதாவது அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. பாசாங்கு இல்லை. குரல் திட்டலாம், அவர் செய்வதை எல்லாம் வர்ணனை செய்யலாம், இரண்டு குரல்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், கட்டளையும் இடலாம். சிலருக்கு இதமான குரல்கூடக் கேட்கும். அது போய்விடுமே என்று மருந்துக்குத் தயங்குபவர்களும் உண்டு.

எல்லாக் குரலும் நோய் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலக் கேட்பது பலருக்கும் நடக்கும். துணையை இழந்தவருக்கு, இறந்தவரின் குரலோ காலடிச் சத்தமோ கேட்டது போல இருப்பதும் சாதாரணம். கேட்டவருக்கே அது நிஜமில்லை என்று தெரியும், அன்றாட வாழ்க்கை குலையாது.

முதலில் வரும் மாற்றம்

ஆரம்பத்தில் குரலும் இருக்காது, சந்தேகமும் இருக்காது. இரவில் விழித்திருந்து பகலில் தூங்குவார். நண்பர்களின் போனை எடுக்க மாட்டார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை இடத்தில் கவனப்பிசகு கூடும். குளிப்பது, உடை மாற்றுவது குறையும். முகத்தில் உணர்ச்சி வற்றும். நல்ல செய்தி சொன்னாலும் கெட்ட செய்தி சொன்னாலும் ஒரே முகம். சத்தமும் வெளிச்சமும் திடீரென்று தாங்க முடியாதவையாகும்.

இதைப் படித்ததும் வளர்ந்த பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும் திக்கென்றிருக்கும். இந்தப் பட்டியலில் பாதி எந்த இளைஞருக்கும் பொருந்தும். மனச்சோர்வு, பரீட்சை, காதல் முறிவு, விடியவிடிய போன் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதுதான் பெரும்பாலும் காரணமாகவும் இருக்கும். எனவே அறிகுறிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இந்த மனிதர் ஆறு மாதத்துக்கு முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். எப்போதுமே தனிமை விரும்பியாக இருந்தவர் தனியாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. வீட்டையே கலகலப்பாக வைத்திருந்தவர் காரணம் சொல்லாமல் அறைக்குள் முடங்கி, அது வாரக்கணக்கில் நீடித்து, படிப்போ வேலையோ சரிந்துகொண்டும் இருந்தால் அது செய்தி. இந்தக் கட்டத்தில் டாக்டரைப் பார்த்தால் அது மனச்சோர்வாகத் தெரியவந்தாலும் நஷ்டமில்லை. அதற்கும் சிகிச்சை உண்டு.

அடுத்த கட்டத்தில் தெரியும் விஷயங்களை ‘வயசுக் கோளாறு’ என்று தள்ள முடியாது. ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும். போன் கேமராவின் மேல் டேப் ஒட்டியிருக்கும்; சிம் கார்டை மாற்றிக்கொண்டே இருப்பார். அடுத்தவர் கொடுத்ததைச் சாப்பிட மறுப்பார், அல்லது அடைத்து வைத்த பாக்கெட் மட்டும் சாப்பிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, வேறு யாரையோ கேட்பது போலத் தலை சாய்ப்பார். உதடு அசையும், காரணமில்லாமல் சிரிப்பார். சிலர் நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார்கள். குரலை அமுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவரும். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைக் குறிப்பிட்டுப் பேசுகிறார், வண்டி நம்பரில் தனக்கான தகவல் இருக்கிறது, தன் எண்ணங்களை யாரோ எடுத்துவிடுகிறார்கள், தனக்கு உலகைக் காக்கும் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லக்கூடும். பலர் சொல்லவே மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் சதியில் சேர்ந்தவர்களாக இருந்தால் எப்படிச் சொல்வார்?

ஒரு நம்பிக்கை விசித்திரமாக இருப்பதால் மட்டும் அது பிரமை ஆகிவிடாது. அவரைச் சுற்றியிருக்கும் சமூகமும் அதையே நம்புகிறதா, எதிரான ஆதாரம் வரும்போது கொஞ்சமாவது தயங்குகிறாரா, அந்த நம்பிக்கை அவர் வாழ்க்கை முழுவதையும் விழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் புதிதாகப் பக்தியில் இறங்குவது அவர் விருப்பம். கடவுள் தன்னோடு மட்டும் பேசுகிறார், அதனால் தூங்கக் கூடாது என்று சொல்கிறார் என்று நான்கு நாள் கண்விழித்தால் அது வேறு விஷயம்.

கஞ்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் புகைப்பவர்களுக்கும், வீரியம் கூடிய கஞ்சாவைப் பயன்படுத்துபவர்களுக்கும், சின்ன வயதிலேயே ஆரம்பித்தவர்களுக்கும் சைக்கோசிஸ் ஆபத்து கூடுகிறது. ‘போதைதான், இறங்கினால் சரியாகிவிடும்’ என்பது பல வீடுகளில் சொல்லும் சமாதானம். சில மணி நேரத்தில் தெளிந்தால் சரி. நாட்கணக்கில் தெளியாவிட்டால் போதையைக் காரணம் காட்டிக் காத்திருக்கக் கூடாது.

பரம்பரையும் உண்டு. ஆனால் மக்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். யாருக்கும் இல்லாவிட்டால் சுமார் 1 சதவீதம். திருப்பிச் சொன்னால், 10 பேரில் 9 பேருக்கு வருவதில்லை. சிறுவயதில் பட்ட காயங்கள், கடும் மன அழுத்தம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை இந்த இடத்துக்குக் கொண்டுவருகின்றன. ‘நாங்கள் வளர்த்தது சரியில்லையோ’ என்று தங்களையே குடைந்துகொள்ளும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். வளர்ப்பு ஒன்றே இந்த நோயைக் கொண்டுவருவதில்லை.

வாதாடி ஜெயிக்க முடியாது

நோர்வேயில் ரோகலாந்து என்ற பகுதியில் 1997-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பத்திரிகை, ரேடியோ, தியேட்டர் விளம்பரங்களில் சைக்கோசிஸின் அறிகுறிகளை எளிமையாகச் சொன்னார்கள். ஒரு தொலைபேசிக் குழுவை வைத்தார்கள். பெற்றோர், ஆசிரியர், நண்பர் என்று யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். டாக்டரின் சீட்டு வேண்டாம். அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சைக்கு வரும் இடைவெளி அங்கே நடுமட்டமாக (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 5 வாரம் ஆனது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பகுதிகளில் அது 16 வாரம். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சீக்கிரம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருந்த பகுதியைச் சேர்ந்தவர்களில் 31 சதவீதம் பேர் நோயிலிருந்தும் மீண்டு, வேலையும் வாழ்க்கையுமாக இருந்தார்கள். மற்ற பகுதிகளில் 15 சதவீதம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: விளம்பரத்தை நிறுத்தியதும் இடைவெளி மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. டாக்டர்கள் அதேதான், மருந்தும் அதேதான்; வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் குறைந்துபோனது. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்த இடைவெளி 74 வாரமாக இருந்தது.

அந்த வாரங்கள் எங்கே போகின்றன? நிறைய நேரம் வாக்குவாதத்தில் போகிறது.

‘யாருமே உன்னைக் கவனிக்கலை, நீயா நினைச்சுக்கிற’ என்று அம்மா சொல்வார். மகன் ஆதாரங்களை அடுக்குவான். அப்பா வந்து, ‘நல்லா சாப்பிட்டுத் தூங்கு, எல்லாம் சரியாயிடும்’ என்பார். அக்கா போனில் திட்டுவாள். ஒவ்வொரு வாதமும் அவன் நம்பிக்கையை இன்னும் இறுக்கும். வீட்டில் ஒருவரும் தன் பக்கம் இல்லை என்பதும் உறுதியாகிவிடும். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. அது பிடிவாதமோ, வெட்கத்தில் மறைப்பதோ இல்லை. மூளையின் கோளாறே அந்த அறிவையும் மறைக்கிறது.

அப்படியானால் ‘ஆமாம், கண்காணிக்கிறார்கள்’ என்று ஒத்துக்கொள்வதா? அதுவும் கூடாது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அவர் சொல்லும் கதையை விட்டுவிட்டு, அதில் இருக்கும் பயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

“அம்மா, மாடியில இருக்கிறவங்க நான் பேசுறதை எல்லாம் ரெக்கார்ட் பண்றாங்க.”

“அப்படித் தோணினா ரொம்பப் பயமாத்தான்பா இருக்கும். எப்ப இருந்து இப்படி?”

“ரெண்டு மாசமா. நீங்க நம்ப மாட்டீங்க.”

“எனக்கு அது கேட்கலை. ஆனா உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுது. ராத்திரி தூங்குறதே இல்லையே நீ.”

“எப்படித் தூங்குறது?”

“சரி, தூக்கத்துக்காவது யாரையாவது பார்ப்போமா? நானும் கூட வரேன்.”

இதில் அம்மா பொய் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. அவனுக்கும் தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடித்தார். தூக்கமின்மை, பதற்றம், களைப்பு, படிப்பில் கவனம் வராதது என்று அவரே ஒத்துக்கொள்ளும் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். டாக்டரிடம் போவதற்கு அந்தக் காரணம் போதும். ‘உனக்கு மனநோய்’ என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உளவியலாளர் ஸேவியர் அமடோர், தன் சகோதரருக்கு மனச்சிதைவு நோய் வந்து அவரோடு ஆண்டுக்கணக்கில் சண்டைபோட்ட பிறகு இந்த வழிக்கு வந்தார். கேள், அவர் உணர்வோடு நில், ஒத்துப்போகக்கூடிய இடத்தில் ஒத்துப்போ, சேர்ந்து செய் என்ற அவருடைய நான்கு படிகளைப் பல நாடுகளில் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பேசும்போது ஒருவர் பேசினால் போதும். உறவினர் எல்லோரும் கூடி உட்கார்ந்து அறிவுரை சொல்வது அவருக்கு விசாரணை போல இருக்கும். டிவியை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, சின்ன வாக்கியங்களில் பேசலாம். அவர் வாசலுக்குப் போகும் வழியை மறித்து உட்காராதீர்கள். முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பதும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

மனநல மருத்துவர்தான் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். ஆலோசகர்களும் உளவியலாளர்களும் உதவுவார்கள் என்றாலும், குரல் கேட்கிற கட்டத்தில் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.

உடல் காரணங்களை விலக்குவது முதல் வேலை. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் பி12, சில சமயம் மூளை ஸ்கேன் எல்லாம் கேட்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவரா, தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவரா என்பதும் முக்கியம். மூளையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் ஒருவகை அழற்சியை ஜோசப் டால்மாவின் குழு 2007-ல் விவரித்தது. இளம்பெண்களுக்கு அதிகம் வரும் இந்த நோய், ஆரம்பத்தில் அப்படியே மனநோய் போலத் தோன்றும். வலிப்பு, ஜுரம், உடல் விறைப்பு என்று பிறகு வெளிப்படும். இதற்குச் சிகிச்சையே வேறு.

வயதானவர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. நேற்று வரை தெளிவாக இருந்த பாட்டிக்கு இன்று இல்லாத ஆள் தெரிகிறது, கொஞ்ச நேரம் தெளிகிறார், மறுபடி குழம்புகிறார் என்றால் பெரும்பாலும் அது உடல் கோளாறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஒரு மாதிரி இருக்கான்’ என்பதைவிட, ‘மூன்று வாரமாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறான், போன வியாழக்கிழமையிலிருந்து நாங்கள் தரும் தண்ணீரைக் குடிப்பதில்லை’ என்பது டாக்டருக்குப் பத்து மடங்கு உதவும். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, போதைப் பழக்கம் உண்டா, என்னென்ன மருந்து எடுக்கிறார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, தற்கொலைப் பேச்சு வந்ததா என்பது போதும். டாக்டர் முன்னால் அவர் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிவிடக்கூடும். அப்போது இந்தத் தாள்தான் பேசும்.

வரவே மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். அவரைப் பற்றிய விவரங்களை டாக்டர் உங்களிடம் சொல்ல முடியாமல் போகலாம். நீங்கள் சொல்வதைக் கேட்பதற்குத் தடையில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் குழு உண்டா, அவசரம் என்றால் சட்டப்படி எப்படிச் சேர்ப்பது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். விருப்பமில்லாமல் சேர்க்கும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

சாப்பாட்டில் தெரியாமல் மருந்தைக் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. தவிப்பு புரிகிறது, ஆனால் இதை நான் ஆதரிக்க மாட்டேன். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படும் ஒருவர், நிஜமாகவே ஏதோ கலந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு அந்த வீட்டில் யாரை நம்புவார்? மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்து உண்டு. அதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது நல்லது.

ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதவை

செத்துவிடலாம் என்று பேசுவது, குரல் தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்வது, யாராவது தன்னைக் கொல்ல வருவதாக நம்பி ஆயுதம் வைத்துக்கொள்வது, பயத்தில் தண்ணீரும் சாப்பாடும் நிறுத்திவிடுவது, நாட்கணக்கில் துளியும் தூங்காமல் இருப்பது, ஜுரமோ வலிப்போ சேர்ந்து வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது இது மனநல அவசரம் என்றும், கையில் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லுங்கள். ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பலர் வாய் திறக்கிறார்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையானவை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். முதல் சைக்கோசிஸ் வந்த காலத்தில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம்.

குழந்தை பெற்ற பெண்ணையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்தச் சைக்கோசிஸ், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வெடித்துக் கிளம்பும். தூக்கமே வராது, பேச்சு வேகமாகும், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வரும், மணிக்கு மணி நிலைமை மாறும். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை கிடைத்தால் இவர்களில் பெரும்பாலானவர்கள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

இந்த நோய் உள்ளவர் என்றாலே தாக்குவார் என்பது மிகை. பெரும்பாலானவர்கள் யாரையும் தொடுவதில்லை. அவர்கள்தான் பிறரால் அடிபடுகிறார்கள். ஆனாலும் பயத்தின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் தற்காப்பு என்று நினைத்துக் கை ஓங்கக்கூடும். அப்போது விலகி, அறையை விட்டு வெளியே வந்து உதவி கூப்பிடுவதில் தவறே இல்லை.

மருந்து தொடங்கிய பிறகு

1952-ல் பாரிஸில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மனநல மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தச் சிகிச்சையின் வரலாறு ஆரம்பிக்கிறது. இப்போது ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின், அரிபிப்ரசோல் என்று பல உண்டு. டோபமைனின் வேகத்தை மட்டுப்படுத்துவதுதான் பெரும்பாலும் இவற்றின் வேலை. இவை தூக்க மாத்திரைகள் இல்லை. பழக்கத்துக்கு அடிமையாக்குபவையும் இல்லை.

பதற்றமும் தூக்கமும் முதல் சில நாட்களில் சீராகும். குரலும் சந்தேகமும் தணிய வாரங்கள் ஆகும். ஒருநாள் திடீரென்று நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். குரல் தூரமாகும், நம்பிக்கை தளரும், ‘அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இடத்துக்கு வருவார். இரண்டு மருந்துகளை முறையாக எடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் என்ற மருந்து பலருக்கு உதவுகிறது. ரத்த வெள்ளணுக்களைத் தவறாமல் சோதித்துக்கொண்டு எடுக்க வேண்டிய மருந்து அது.

பக்க விளைவுகளை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மருந்தைப் பாதியில் நிறுத்த அவைதான் பெரிய காரணம். எடை கூடும், பகலில் தூக்கம் வரும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம். முதல் நாட்களில் கழுத்து இழுத்துக்கொள்வதோ கண் மேலே செருகுவதோ நடந்தால் பயமாக இருக்கும். மருத்துவமனையில் ஒரு ஊசியில் சரியாகிவிடும். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து எடுப்பவருக்குக் கடும் ஜுரமும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

‘சரியாகிவிட்டது, இனி எதற்கு?’ என்ற கேள்வி சில மாதத்தில் கட்டாயம் வரும். முதல்முறை வந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. அதில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. தேறிய பிறகும் குறைந்தது ஒன்று, இரண்டு ஆண்டு தொடரச் சொல்வது இதனால்தான். பிறகு குறைப்பதா நிறுத்துவதா என்பது டாக்டரோடு சேர்ந்து, மெதுவாக எடுக்கும் முடிவு. மருந்தோடு, உளவியலாளரோடு பேசிப் பெறும் சிகிச்சை, குடும்பத்துக்கான பயிற்சி, படிப்புக்கோ வேலைக்கோ திரும்ப உதவி எல்லாம் சேர்ந்து கிடைத்தால் பலன் கூடும்.

வீட்டின் பங்கைப் பற்றியும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவர் குழுவும் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், விடுதிக்குப் போனவர்களைவிட அதிகமாக மறுபடி நோய்வாய்ப்பட்டார்கள். ஓயாத குறைசொல்லலும், வெறுப்பும், அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திப் பார்த்தலும் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெளிந்தது. அன்பில்லாததால் யாரும் இப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் களைப்பும் பயமும்தான் அப்படி வெளிவருகின்றன. ஒருவரே முழு நேரமும் பார்த்துக்கொள்ளாமல் முறை வைத்துக்கொள்வது நோயாளிக்கும் நல்லது. ‘சோம்பேறி’ என்று திட்டத் தோன்றும்போது, எழுந்து ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் இருப்பதும் நோயின் பகுதி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அது குரலைவிட மெதுவாகத்தான் போகும்.

நன்றாக இருக்கும் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. போன முறை முதலில் மாறியது எது என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெட்டிருக்கும். மறுபடி அது தெரிந்தால் யார் சொன்னால் கேட்பார், எந்த டாக்டரைக் கூப்பிடலாம், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் யார் கூட வர வேண்டும், வேலை இடத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும், ஒன்று உங்களிடம், ஒன்று டாக்டரிடம்.